இன்டர்னல் என்னும் 25 மதிப்பெண்

(அரியலூரில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



அரியலூரில் நின்று மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினால் குழுமூர் அனிதாவைத் தவிர்க்க முடியாது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176, நீட்டில் 720க்கு 86. அந்த அநீதியை நிறையப் பேசியிருக்கிறோம், இன்னும் பேசுவோம். இன்று நான் பேச வந்தது யாரும் போராடாத ஒரு மதிப்பெண்ணைப் பற்றி. இன்டர்னல்.

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள நம் கலைக் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. அந்த 75ஐத் திருத்துபவருக்கு உங்கள் பெயர் தெரியாது. 25ஐப் போடுபவருக்குப் பெயர், ஊர், உதவித்தொகைப் பட்டியலில் நீங்கள் இருப்பது எல்லாமே தெரியும். செமினாருக்கு ஏன் 3, ஏன் 5 என்று கேட்டுப் பாருங்கள். "அவன் நல்லா பேசினான்" என்பார்கள். இங்கிலீஷ் பேசினான் என்று பொருள்!

எல்லா ஆசிரியரும் சாதி பார்க்கிறார்களா என்று கேட்பீர்கள். ரீமா ஹன்னா, லீ லிண்டன் ஆகிய இருவர் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியப் பிள்ளைகளின் விடைத்தாள்களில் சாதியைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று குறித்த தாளுக்குச் சராசரியாகக் குறைவாக விழுந்தது. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் கட்டின் தொடக்கத்தில் திருத்திய தாள்களில்தான் அது அதிகம். எது நல்ல விடை என்று பிடிபடாதபோது மனம் சாதியைத் துணைக்கு அழைக்கிறது. இன்னொன்றும் உண்டு, கசப்பானது. அப்படிக் குறைத்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களே. "நம்ம ஆள் துறைத்தலைவரானால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வாய்மொழித் தேர்வு இன்னும் மோசம். டெல்லி எய்ம்ஸ் பற்றிய தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. அது விசாரித்த தலித், பழங்குடி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர், செய்முறையிலும் வைவாவிலும் தங்களை நியாயமாக மதிப்பிடவில்லை என்றார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் எந்திரமே திருத்தட்டுமா? நீட்டையும் எந்திரம்தான் திருத்தியது. அதற்கு அனிதாவின் சாதி தெரியாது. கோச்சிங் கட்டணம் கட்டியவர்கள் முன்னால் போனார்கள், அவ்வளவுதான். ஆசிரியரே திருத்தட்டும். ஆனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்பே எழுதி ஒட்டட்டும். அசைன்மென்ட்டில் பெயருக்குப் பதில் எண் இருக்கட்டும். புராஜெக்ட்டை இன்னொருவரும் படிக்கட்டும்.

இதைத் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். செமஸ்டர் தொடங்கும் வாரமே வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டுக் கேளுங்கள். மதிப்பெண் வந்தபிறகு ஒருத்தர் மட்டும் போய்க் கேட்டால், அடுத்த செமஸ்டரில் அவருக்கு எவ்வளவு விழும் என்று உங்களுக்கே தெரியும்.

ஜெய்பீம்.