வீட்டுக்குள் ஒரு மேடை

(ஹைதராபாத் மல்லாபூரில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

 

1918ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஆரம்பித்த பாலர் நாடக சபையில், டி.கே. சண்முகம் ஆறு வயதில் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பையன்கள் நாடகம் கற்க வீட்டை விட்டு ஊர் ஊராகப் போனார்கள்.

2020 ஊரடங்கில் எல்லாம் தலைகீழ். வாத்தியாரே கம்ப்யூட்டர் வழியாக நம் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போது ஒன்பதாவது படித்த என் பேத்தி, கோடை விடுமுறையில் ஆன்லைன் தமிழ் நாடக வகுப்பில் சேர்ந்தாள். மூச்சுப் பயிற்சி, குரல் ஏற்ற இறக்கம், முகபாவம் எல்லாம் நன்றாகவே வந்தன. சேர்ந்து பேசும் வசனம்தான் சரிப்படவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் சப்தம் சற்று முன்பின்னாகப் போய்ச் சேருகிறதே!

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வலையும் வாளையும் ஒன்றாகிவிட்டன! எல்லோரும் சிரித்தார்கள். அன்று ராத்திரி அவளே வந்து, "தாத்தா, எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடேன்" என்றாள். பத்து வருஷமாக நான் கெஞ்சியும் நடக்காதது அது.

ஆகவே ஒரு விண்ணப்பம். கோடையில் நம் குழந்தைகள் அவரவர் ஊரிலிருந்தே திரையில் ஒத்திகை பார்க்கட்டும். முடிவில் ஒரு நாளாவது அவர்களை ஒரே மேடையில் நிற்க வையுங்கள். பத்து நிமிஷ நாடகம் போதும். வசனம் மட்டும் தமிழ் எழுத்தில் இருக்கட்டும்.