நூலாராய்ச்சியும் நம் கடமையும்

(சின்னசேலத்தில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நூலாராய்ச்சியென்பது பிறர் நூலிற் குறைதேடித் தூற்றுதலென்று சிலர் கருதுகின்றனர். அஃதன்று. பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றுக் காண்பதுபோல, நூலின் குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து நாட்டார்க்கு உணர்த்துவதே அதன் தொழில்.

இது மேனாட்டினின்று நமக்கு வந்த புதுச்சரக்குமன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறியதென்று அதன் பாயிரம் கூறும். புலவர் வினாக்களுக்கு விடையிறுத்து, அவையோர் ஏற்ற பின்னரே நூல் உலவுதல் பண்டை வழக்கு. பிற்காலத்துப் பவணந்தியார் நன்னூலில் நூற்குற்றம் பத்தென்றும், அழகும் பத்தென்றும் வகுத்தார். சொன்னதையே மீட்டுஞ் சொல்லுதலும், முன்னுக்குப்பின் முரணுதலும் அக்குற்றங்களுட் சில. பத்தும் நூலின்கண் நிகழ்வனவே. அவற்றுள் ஒன்றேனும் ஆக்கியோனது குலத்தைச் சுட்டியதன்று. இதனை நாம் உற்றுநோக்கல் வேண்டும்.

உரைகாரரும் இந்நெறியே சென்றனர். திருக்குறளுக்கு உரைகண்டோர் பதின்மர் என்ப. அவருட் பரிமேலழகர் தமக்கு உடன்பாடில்லாத பிறருரையையும் எடுத்துக்காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணமும் உரைப்பர்.

இந்நெறி பிறழின் விளைவது யாது? அதற்குச் சான்று தொலைவிலில்லை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்ததாகிய நம்மூர், முன்னாளில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவில் வாழ்ந்த இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் திருவருட்பா என்னும் பெயரால் பதிப்பித்தார். அப்பெயர் அப்பாடல்களுக்குத் தகுமோவென யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பினர் வினவினர். வினா நூலைப் பற்றியதே. ஆயின் வாதம் நூலைவிட்டு ஆளைப் பற்றிற்று. 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியையும் ஏறிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கண்டனமும் மறுப்பும் ஓயவில்லை. இருவரும் தமிழுக்கு அருந்தொண்டாற்றியவர். ஆயினும் அவ்வசைமாரியில் பாடலின் நயங்காணும் தொழில் பின்தங்கியது.

அன்பர்காள்! நம் சங்கத்தார்க்கு இதிலொரு பாடமுண்டு. நம்மவர் எழுதினாரென்னும் ஒன்றையே பற்றி நூலைப் புகழ்கின்றோம். பிறர் எழுதியதைப் பிரித்தும் பாராது ஒதுக்குகின்றோம். முன்னது நம் இளைஞனை வளரவொட்டாது தடுக்கும். பின்னது நல்ல நூலை நம் வீட்டு வாயிலிலேயே நிறுத்திவிடும். நம் மக்கள் எழுதும் தேர்வுத்தாளைத் திருத்துவோர் குடிப்பெயர் கண்டு மதிப்பெண் இடுவரேல் நாம் பொறுப்போமா? நூலுக்கும் அந்நீதியே உரியது.

ஆதலின், நூலை முற்றும் படித்த பின்னரே பேசுவோமாக. குணங் கூறினும் குற்றங் கூறினும் உரிய இடத்தைக் காட்டுவோமாக. நம் இளைஞரது எழுத்தைச் சங்கக் கூட்டத்தில் படிக்கச்செய்து, அன்போடும் அஞ்சாமையோடும் திருத்துவோமாக. அங்ஙனந் திருத்தப்பெற்றவன் எழுத்து நம் சங்கத்தளவில் நில்லாது தமிழகம் முழுதும் செல்லும். அதுவே அவனுக்கும் நமக்கும் பெருமை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!