டாக்டருக்கே தெரியாதாக்கும்?

(குறுவள மையத்தில் நடந்த அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறுநீரகப் புற்றுநோய் மருந்துகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் ஒருங்கிணைப்பாளர் சற்றுத் தயங்கினார். "டீச்சர், இது பாடத்திட்டத்துல இல்லையே" என்றார். உண்மைதான். நெஃப்ரான் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்வதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். ஆனால் ஒரு மருந்து நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது நம் பாடத்தில் இருக்கிறது. இலையின் ஒரு பகுதியைக் கருப்புக் காகிதத்தால் மூடி, மறுபகுதியை வெயிலில் விட்டு, பிறகு அயோடின் கரைசல் ஊற்றுகிறோமே, அதுதான். மூடிய பகுதி இல்லாவிட்டால் அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. ஆண்டுதோறும் அதைச் செய்து காட்டும் எனக்கே, என் வீட்டில் ஒரு கேள்வி வந்தபோது இது நினைவுக்கு வரவில்லை.

என் சித்தப்பா விசைத்தறி ஓட்டியவர். ஒருநாள் சிறுநீரில் ரத்தம் போனது. வலி இல்லை. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தே மூன்று மாதத்தைத் தள்ளிவிட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது இடது சிறுநீரகத்தில் கட்டி, நுரையீரலுக்கும் பரவியிருந்தது. மருத்துவமனையில், ஒரு மருந்துச் சோதனையில் சேர விருப்பமா என்று கேட்டுப் பல பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஏற்கெனவே உள்ள மாத்திரை ஒரு பிரிவுக்கு. அதோடு ஒரு நோயெதிர்ப்பு ஊசியும் சேர்த்து மறு பிரிவுக்கு. யார் எந்தப் பிரிவு என்பதைக் கணினிக் குலுக்கல் முடிவு செய்யும். வீட்டில் படித்தவள் நான்தான் என்று படிவம் என் கைக்கு வந்தது.

சித்தப்பா கேட்டார்: "ஏங்கண்ணு, எனக்கு எந்த மருந்துன்னு கம்ப்யூட்டரு குலுக்கிப் போடுமாமா? அப்ப எது நல்லதுன்னு டாக்டருக்கே தெரியாதாக்கும்?"

நான் விழித்தேன். விலங்கியல் பட்டம், பி.எட்., பதினெட்டு ஆண்டு அனுபவம், எதுவும் கைகொடுக்கவில்லை. "நம்மள வெச்சுச் சோதனை பண்றாங்க" என்று சித்தி அழுதார். படிவம் கையெழுத்தில்லாமல் திரும்பிப் போனது. அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

முதலில் நோய். சிறுநீரகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 'தெளிசெல்' வகை. நுண்ணோக்கியில் செல்கள் வெளிறித் தெரிவதால் அந்தப் பெயர். மற்ற பல புற்றுநோய்களுக்குக் கேட்கும் வழக்கமான கீமோதெரபி மருந்துகள் இதற்கு அநேகமாகக் கேட்பதில்லை. அதனால் வேறு வழி தேட வேண்டியிருந்தது. வழி கிடைத்தது ஒரு மரபணுவில். பரம்பரையாகக் கட்டிகள் வரும் குடும்பங்களை ஆராய்ந்து, 1993-ல் விஎச்எல் என்ற மரபணுவைக் கண்டறிந்தார்கள். அந்த நோயை முதலில் விவரித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் வான் ஹிப்பல், ஸ்வீடன் நாட்டு நோயியல் அறிஞர் லிண்டாவ் ஆகியோரின் பெயர்களே அந்த மூன்று எழுத்துகள். பரம்பரை நோய் இல்லாதவருக்கு வரும் தெளிசெல் கட்டிகளிலும் பெரும்பாலும் இதே மரபணுதான் பழுதாகியிருக்கிறது.

இதன் வேலை அழகானது. வகுப்பில் கதையாகவே சொல்லலாம். செல்லுக்குள் எச்ஐஎஃப் என்ற புரதம் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதிய அளவு இருந்தால், விஎச்எல் புரதம் அதைப் பிடித்துக் 'கழிவு' என்று முத்திரை குத்தும், அது அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் முத்திரை விழாது. எச்ஐஎஃப் பெருகும், "ரத்தம் போதவில்லை, புதுக் குழாய் போடு" என்று சமிக்ஞை கொடுக்கும். விஎச்எல் பழுதான செல்லிலோ, ஆக்சிஜன் நிறைய இருந்தும் முத்திரை குத்த ஆள் இல்லை. செல் மூச்சுத் திணறுவதாக நினைத்து ஓயாமல் கூவுகிறது. ரத்தக் குழாய்கள் வந்து சேர்கின்றன, கட்டி கொழுக்கிறது. செல் ஆக்சிஜனை உணரும் இந்த வித்தையைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கு 2019-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கூவலைக் கேட்கும் காதை அடைப்பவைதான் இலக்கு சிகிச்சை மாத்திரைகளில் பல. சோராஃபெனிப், சுனிடினிப் இரண்டும் 2005 டிசம்பர், 2006 ஜனவரி என்று அடுத்தடுத்து அமெரிக்காவில் அனுமதி பெற்றன. நோயெதிர்ப்பு மருந்தின் பாதை வேறு. நம் டி-லிம்போசைட்டுகளுக்கு ஒரு பிரேக் உண்டு. ஜப்பானின் ஹோன்ஜோ குழுவினர் 1992-ல் கண்ட பிடி-1 புரதம் அத்தகைய பிரேக். கட்டி அந்த பிரேக்கை மிதித்துக்கொண்டு தப்பிக்கிறது; நிவோலுமாப் போன்ற ஊசிகள் காலை எடுத்துவிடுகின்றன. பிரேக் போனால் வண்டி வேறு இடத்திலும் மோதும் அல்லவா? குடல், நுரையீரல், தைராய்டு எதையும் நம் செல்களே தாக்கக்கூடும். பக்கவிளைவு இல்லாத மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதுவரை சொன்னது வழிமுறை. நம்மில் பலர் இங்கேயே நின்றுவிடுவோம். "இப்படி வேலை செய்கிறது" என்று தெரிந்தால் "ஆகவே குணமாகும்" என்று முடித்துவிடுவோம். அந்த 'ஆகவே'யைத்தான் சோதித்தாக வேண்டும்.

சுனிடினிப் வந்தபோது பழைய மருந்து இன்டர்ஃபெரான். 750 நோயாளிகளைக் குலுக்கி இரண்டு சம பிரிவாக்கினார்கள். 2007-ல் வெளியான முடிவு: நோய் மேலும் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு புது மருந்துக்கு 11 மாதம், பழையதற்கு 5 மாதம். இடைநிலை அளவு நம் கணக்குப் பாடத்தில் வருவதுதான். வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர். அவருக்குப் பின்னால் நிற்பவர்களில் சிலர் ஆண்டுக்கணக்கில் வாழ்வார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். "11 மாதம்தான்" என்று டாக்டர் நாள் குறித்துவிட்டதாகவே எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

வென்ற சுனிடினிப் அடுத்த சோதனையில் 'பழைய மருந்து' ஆனது. நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்ந்த இரட்டை ஊசியை 1,096 பேரிடம் அதனோடு ஒப்பிட்டு 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். நோயின் போக்கு நடுத்தரமாகவோ மோசமாகவோ கணிக்கப்பட்டவர்களில் 18 மாதம் உயிரோடிருந்தோர் ஊசிப் பிரிவில் 75 சதவீதம், சுனிடினிப் பிரிவில் 60 சதவீதம். கட்டி அடியோடு மறைந்தவர்கள் 9 சதவீதம். சுனிடினிப் பிரிவில் 1 சதவீதம். ஆக, ஒப்பீட்டுப் பிரிவில் விழுந்தவருக்கு மருந்தே கிடையாது என்று சித்தி பயந்தது தவறு. அன்றைக்கு இருந்த நல்ல மருந்து அவர்களுக்குக் கிடைத்தது.

எப்போதும் அப்படியா என்றால், இல்லை. சோராஃபெனிபைச் சோதித்தபோது, முந்தைய சிகிச்சை பலிக்காத 903 பேரில் ஒரு பாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரைதான். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. நோய் முற்றாத காலம் 5.5 மாதம், 2.8 மாதம் என்று தெளிவாகப் பிரிந்ததும், போலி மாத்திரைப் பிரிவினரும் உண்மை மருந்துக்கு மாற அனுமதித்தார்கள். மாறியதால் பிறகு, எந்தப் பிரிவினர் மொத்தத்தில் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்ற கணக்கு குழம்பிப்போனது. கணக்கு குழம்பினாலும் பரவாயில்லை என்று எடுத்த அந்த முடிவு சரி என்பதே என் கருத்து. இதை மேல்நிலை வகுப்பில் விவாதத்துக்கு வையுங்கள். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள்.

ஏன் குலுக்க வேண்டும், டாக்டரே தேர்ந்தெடுத்தால் என்ன? நம் பள்ளியிலேயே பார்ப்போம். மாலைச் சிறப்பு வகுப்புக்கு விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்கிறோம். வந்தவர்கள் தேர்ச்சி பெறுகிறார்கள். வகுப்பு நல்ல வகுப்பா, வந்த பிள்ளைகளே ஆர்வமுள்ள பிள்ளைகளா? பிரித்துச் சொல்ல முடியுமா? மருத்துவரும் நம்மைப் போன்ற மனிதர்தான். தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்தைக் கொடுக்கவே அவர் கை போகும்.

அனுபவசாலிகளும் இதில் ஏமாறியிருக்கிறார்கள். நோய் பரவியிருந்தாலும் சிறுநீரகத்தை முதலில் அகற்றிவிட வேண்டும் என்பது அறுவை மருத்துவர்களின் உறுதியான நம்பிக்கை. இன்டர்ஃபெரான் காலத்தில் 2001-ல் வந்த சோதனைகள் அதை ஆதரித்தன. சுனிடினிப் வந்த பிறகும் அது சரியா? பிரான்ஸ் மருத்துவர்கள் நடத்திய கார்மெனா சோதனையில் 450 பேர் சேர்ந்தார்கள். அறுவைக்குப் பின் மாத்திரை சாப்பிட்டவர்களின் வாழ்நாள் இடைநிலை 13.9 மாதம், அறுவை இல்லாமல் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 18.4 மாதம். எல்லாருக்கும் அறுவை வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. நோய் குறைவாகப் பரவியவர்களுக்கு இன்றும் செய்கிறார்கள். ஆனால் 'வழக்கம்' என்று செய்ததால் பலருக்குப் பயனில்லாத கத்தி பட்டிருக்கிறது. இன்னொன்று காண்டாக்ட்-03. நோயெதிர்ப்பு ஊசிக்குப் பிறகு நோய் முற்றிய 522 பேரில், காபோசான்டினிப் மாத்திரையோடு இன்னொரு நோயெதிர்ப்பு ஊசியையும் சேர்த்தால் என்ன என்று பார்த்தார்கள். பலன் கூடவில்லை, கடுமையான பக்கவிளைவுகள்தான் கூடின. சோதிக்காமல் விட்டிருந்தால், இரண்டு மருந்து ஒன்றைவிட மேல் என்று நம்பி வீட்டை விற்று ஊசி போட்டிருப்பார்கள்.

விலையைச் சொன்னதால் ஒன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோய்க்கு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாபை மாத்திரைகளோடு சேர்த்துச் சோதித்தார்கள். வழக்கமான அளவு 240 மில்லிகிராம். 151 பேரில் செய்த அந்தச் சோதனையில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் சுமார் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாகக் கூடினார்கள். சிறுநீரகத்துக்கும் இது பொருந்தும் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. அதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். குறைந்த அளவு போதுமா என்ற கேள்வியை நம் நாட்டு மருத்துவர்கள் கேட்டதே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆக, சித்தப்பா கேள்விக்கு நேர்மையான பதில் "ஆமாங்க சித்தப்பா, டாக்டருக்கும் தெரியாது" என்பதுதான். தெரிந்திருந்தால் குலுக்குவது குற்றம். இதை அவருக்குப் புரிய வைத்திருக்கவும் முடியும். புது நூல் வந்தால், பழைய நூலை ஓட்டிய அதே தறியில் அதே வேகத்தில் ஓட்டி, எத்தனை தடவை இழை அறுகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் வாங்குவார் அவர். அவர் கையில் இருந்த உதாரணம் அன்று என் வாயில் வரவில்லை.

அவர் மாத்திரை மட்டும் சாப்பிட்டு பத்து மாதம் இருந்தார். சோதனையில் சேர்ந்திருந்தால் கூடுதல் நாள் இருந்திருப்பாரா? எனக்குத் தெரியாது. மாத்திரைப் பிரிவிலேயே விழுந்திருக்கலாம். என் வருத்தம் வேறு. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் புரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, பயந்து சொன்னார். சேர்ந்த பிறகும் எந்த நேரமும் விலகலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர 2019-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, மருந்துச் சோதனைகளை அரசுப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம், அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். இதில் ஒன்றைக்கூட நான் அவருக்குச் சொல்லவில்லை.

தேநீர் வந்துவிட்டது. குடித்துக்கொண்டே ஒரு செயல்பாடு செய்வோம். ஒவ்வொரு மேசையிலும் 40 சீட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனை நோயாளியின் வயதும், நோய் எங்கே பரவியிருக்கிறது என்பதும் எழுதியிருக்கிறேன். முதல் சுற்றில் நீங்களே டாக்டர்; புது மருந்துக்கு யார் என்று மனசுப்படி இருபது சீட்டைப் பிரியுங்கள். இரண்டாம் சுற்றில் எல்லாவற்றையும் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். இரண்டு சுற்றிலும் இரு பக்கத்துச் சராசரி வயதைக் கரும்பலகையில் எழுதுவோம். என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் சுற்றில் இளவயதுக்காரர்களை எல்லாம் புது மருந்துப் பக்கம் அள்ளிவிட்டார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள், பார்க்கலாம்.