முதலில் விமானம், அப்புறம்தான் கேமரா

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீ ஏதோ ஏரோப்ளேன் ஓட்டிக்கிட்டே வீடியோ எடுக்கறியாமே, அதைப் பத்திப் பேசுப்பா" என்றார். ஓட்டிக்கொண்டே எடுப்பதில்லை என்று சொல்லத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

1986-ல் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவன் நான். பிழைப்பு கலிபோர்னியாவில், கம்ப்யூட்டர் வேலை. ஓய்வு நாட்களில் சான் கார்லோஸ் என்ற சின்ன விமான நிலையத்திலிருந்து வாடகைக்கு ஒரு செஸ்னா 172 எடுத்துப் பறக்கிறேன். ஒற்றை எஞ்சின், நாலு பேர் உட்காரலாம். 1955-ல் முதன்முதலில் பறந்த வகை இது. இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். நம்ம ஊர் அம்பாசிடர் காரை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். பறக்கக் கற்றுக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்காகத் தமிழில் பாடப் படங்கள் செய்கிறேன். இதிலே காசு வருமா என்று முன்வரிசையில் ஒரு தம்பி காலையிலேயே கேட்டுவிட்டார். சொந்தத்துக்குப் பறக்கும் லைசென்ஸ் வைத்திருப்பவர் கூலிக்கு விமானம் ஓட்டக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே இது கைக்காசு போட்டுச் செய்கிற வேலைதான் தம்பி.

மூன்று கேமராக்கள். ஒன்று பின்னாலிருந்து என் தோளுக்கு மேலாக முன்பக்கம் பார்க்கும். ஒன்று கருவிகளையும் என் கைகளையும் பார்க்கும். இன்னொன்று ஜன்னல் வழியாக வெளியே. ஹெட்செட்டிலிருந்து ஒரு ஒயர் போவதால் ரேடியோவில் பேசுவதெல்லாம் பதிவாகிவிடும். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்னால் பொத்தானை அழுத்துவேன். எஞ்சின் நின்ற பிறகு அணைப்பேன். நடுவிலே தொடுவது கிடையாது. ஒரு தடவை ஓடுபாதைக்கு ஒரு மைல் இருக்கும்போது, கண்ணாடியில் ஒட்டியிருந்த பிடி வெயிலில் இளகி, கேமரா பின் சீட்டுக்கு அடியில் உருண்டு போனது. உருளட்டும் என்று விட்டேன். என் வாழ்க்கையிலேயே பூ மாதிரி இறங்கிய தரையிறக்கம் அன்றைக்குத்தான்! படத்தில் இருப்பது வெறும் தரைவிரிப்பு.

முதலில் போட்ட படங்களைப் பார்த்த மாணவர்கள், "சார், உங்க புரொப்பெல்லர் ஒடிஞ்சு வளைஞ்சு பறக்குதே?" என்று பதறிப்போனார்கள். ஒடியவில்லை. நம் கேமரா ஒரு படத்தை ஒரே நொடியில் மொத்தமாக எடுப்பதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கிறது. புரொப்பெல்லரோ நிமிடத்துக்கு 2,400 சுற்று, அதாவது நொடிக்கு 40. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் அது நகர்ந்துவிடுகிறது. அதனால் வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரிகிறது. கேமராவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டால் வெளிச்சம் குறையும், ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும், வளைவு மங்கிக் கரைந்துவிடும். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு தனிப் படமே போட்டேன்.

தமிழில் சொல்லும்போது வருகிற சங்கடங்கள் வேறு. 'ஸ்டால்' என்றால் நமக்கு டீ ஸ்டால்தான். கார் ஓட்டுகிறவர்களுக்கு எஞ்சின் நின்றுபோவது. விமானத்தில் இரண்டும் இல்லை. இறக்கை எதிர்க்காற்றோடு செய்யும் கோணம் சுமார் 15 டிகிரியைத் தாண்டும்போது, மேல்பக்கத்துக் காற்று இறக்கையை விட்டு விலகிவிடுகிறது. தூக்கும் விசை விழுந்துவிடுகிறது. எஞ்சின் பாட்டுக்கு ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்! செஸ்னாவில் இதற்கு முன்னறிவிப்பாக ஒரு ஊதல் கேட்கும். மின்சாரம் இல்லை. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை, அதிலிருந்து ஒரு குழாய், உள்ளே நாதஸ்வரச் சீவாளி போல ஒரு நாக்கு. காற்று இழுக்க அது அழும். அந்த அழுகையைப் படத்தில் முழுசாக வைத்திருக்கிறேன், வெட்டவில்லை. சத்தம் வந்ததும் மூக்கை இறக்க வேண்டும். கையோ மேலே இழுக்கத்தான் துடிக்கும்.

நம் இயற்பியல் பேராசிரியர் கரும்பலகையில் போட்ட விசைப் படங்கள் உதவிக்கு வந்தது இங்கேதான். உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் விமானத்தின் மேல் சுமை இரண்டு மடங்கு. ஸ்டால் ஆகும் வேகம் இரண்டின் வர்க்கமூல மடங்கு, அதாவது 1.41. நேராகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகிற வண்டி, இப்போது 127-லேயே ஆகிவிடும். சூத்திரத்தை எழுதிக் காட்டினால் தூங்குகிறார்கள். வேக முள்ளையும் அந்த ஊதலையும் சேர்த்துக் காட்டினால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இன்னொரு பாடம், ஒரு பாட்டில் தண்ணீர். பாதி நிரப்பி, மூடி, கருவிப் பலகையின் மேல் ஒட்டிவிட்டேன். 30 டிகிரி சாய்ந்து சரியாகத் திரும்பினால் வெளியே அடிவானம் சாய்கிறது. பாட்டிலில் தண்ணீர் மட்டம் சாயவே இல்லை, பலகைக்கு இணையாக நிற்கிறது. சின்ன வயதில் சொம்பில் தண்ணீர் வைத்துக் கையைச் சுழற்றியிருப்போமே, அதே சங்கதிதான். 2016-ல் மறைந்த பாப் ஹூவர் என்ற அமெரிக்க விமானி, விமானத்தையே உருட்டிக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் கோப்பையில் ஐஸ் டீ ஊற்றிக் காட்டியவர். படம் இருக்கிறது, பாருங்கள். நம் காதுக்குள் இருப்பதும் இந்தப் பாட்டில் தண்ணீர்தான். விமானம் சாய்ந்திருப்பது அதற்குத் தெரியாது. வெளியே அடிவானம் தெரிகிறவரை கவலையில்லை. மேகத்துக்குள் போய்விட்டால் உடம்பு சொல்வதை நம்பியவன் தொலைந்தான்.

இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு எடுத்த படம்தான் எனக்குப் பிடித்த படம். சான் கார்லோஸ் ஓடுபாதை 2,600 அடி. மலையைத் தாண்டினால் கடற்கரையில் ஹாஃப் மூன் பே, அங்கே 5,000 அடி. பக்கக் காற்றில் இறங்குவது எப்படி என்று காட்டத் திட்டம் போட்டு, மூன்று கேமராவும் மாட்டிக் கிளம்பினேன். கோடையில் அந்தக் கடற்கரைக்கு மூடுபனி தினசரி விருந்தாளி. மலை முகட்டைத் தாண்டியதும் பார்த்தால், பஞ்சைக் கொட்டினமாதிரி வெள்ளை. ஓடுபாதையின் பாதி தெரிகிறது, மறுபாதிக்குப் பனி ஊர்ந்து வருகிறது. எனக்கு அன்றைக்குக் கண்ணால் பார்த்துப் பறக்கும் தகுதி மட்டும்தான்.

அப்போது கேமரா பேசும் பாருங்கள்! "வாடகை கொடுத்தாச்சு, வெளிச்சம் பிரமாதம், பாதி ஓடுபாதை போதாதா?" என்கும். இந்த இழுப்பு நிஜம். வாய் விட்டு, "இன்னிக்கு இல்லை, திரும்பறோம்" என்று சொல்லித் திருப்பினேன். அதையும் படமாகப் போட்டேன். பதினொரு நிமிடம். பறக்கக் கற்கும் ஒரு பெண், "நேத்து என் பயிற்சியாளர்கிட்ட, மேகம் சரியில்லை, வேணாம் சார்னு முதல் தடவையா சொன்னேன்" என்று எழுதியிருந்தாள். தரையிறங்கும் படங்கள் எதற்கும் எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்ததில்லை.

இழுப்புக்கு இணங்கினால் என்ன ஆகும் என்பதும் ஆவணத்தில் இருக்கிறது. 2014 மே 31 அன்று விடிவதற்கு முன் கொலராடோவில் ஒரு செஸ்னா 150 விழுந்தது. இருவர் இறந்தார்கள். கிடைத்த கேமராவில் விபத்து இல்லை. அதற்கு முந்தைய குட்டிப் பயணங்கள் இருந்தன. இருட்டில், தாழப் பறக்கும்போது, செல்போனில் ஃபிளாஷ் போட்டுத் தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போனால் சிதறிய கவனமும் விபத்துக்குத் துணைக் காரணம் என்று விசாரணை வாரியம் எழுதியது. 2021-ல் கலிபோர்னியாவில் ஒரு இளைஞர் படத்துக்காக விமானத்தை மலைக்காட்டில் விழவிட்டு, தான் பாராசூட்டில் குதித்தார். லைசென்ஸ் பறிபோனது. உடைந்த விமானத்தை மறைத்து அழித்ததற்காக 2023-ல் ஆறு மாதச் சிறை. அந்தப் படத்தை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். என்னுடைய மூடுபனிப் படத்துக்கு அவ்வளவு கூட்டம் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நேரமாகிவிட்டது, செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மாலை நாலு மணிக்கு இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் பாட்டில் படத்தையும் மூடுபனிப் படத்தையும் போடுகிறேன். விருப்பமுள்ளவர்கள் வரலாம். இரண்டாவதில் தரையிறக்கம் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.