முறுக்கிய கயிற்றை மேலும் முறுக்காதீர்!

(நமது சங்கத்தின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. குடி, குட்கா, கைப்பேசி, நாக்காவில் நின்று வெட்டிப்பேச்சு! இவற்றைக் கண்டிக்காத பேச்சாளர் இல்லை. நான் இன்று பேச வந்தது வேறொரு பிள்ளையைப் பற்றி. நாக்காவில் நிற்காத பிள்ளை. எதிர்த்து ஒரு சொல் பேசாத பிள்ளை. "அதைப் பார்த்தாவது கற்றுக்கொள்" என்று அண்டை வீட்டார் தம் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டும் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கும் நோய் வரும். அந்த நோயை நாம் நல்லொழுக்கம் என்று எண்ணிக் கைதட்டிக்கொண்டிருப்போம். அதுதான் ஆபத்து.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து கோலியில் ஐந்து பேர் உறங்குகிறார்கள். அவள் மட்டும் இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கிறாள். படிக்கிறாளா? இல்லை. ஓர் எழுத்து கோணிவிட்டதென்று பக்கத்தைக் கிழித்து, மூன்றாம் முறை எழுதிக்கொண்டிருக்கிறாள். 92 மதிப்பெண் வந்தால் மகிழ்வதில்லை, போன எட்டுக்காகச் சாப்பிடாமல் படுக்கிறாள். என்னவென்று கேட்டால், "ஒன்றுமில்லை அம்மா" என்று சிரிக்கிறாள். யார் முன்னும் அழுவதில்லை. உதவி கேட்பதில்லை. தோழிகள் ஒவ்வொருவராய்க் குறைகிறார்கள்.

கடுமையாக உழைப்பது நோயா? இல்லவே இல்லை. உழைப்புக்கும் இதற்கும் வேறுபாடு காண ஒரு வழி உண்டு. உழைக்கும் பிள்ளை பிழை செய்தால் திருத்திக்கொண்டு மேலே செல்லும். இந்தப் பிள்ளையோ பிழையையே தன் அடையாளமாகக் கொள்ளும். "தவறு செய்தேன்" என்று சொல்லாது, "நானே தவறு" என்று சொல்லும்.

2002இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஷஃப்ரான், கூப்பர், ஃபேர்பர்ன் என்ற மூன்று அறிஞர்கள் இந்தச் சுழலை விளக்கி எழுதினார்கள். தன் மதிப்பு முழுவதையும் சாதனை என்ற ஒற்றைத் தூணின்மேல் ஏற்றிவைப்பதுதான் இதன் வேர். எட்ட முடியாத அளவுகோலை வைக்கிறார்கள். எட்டாவிட்டால் தம்மைத் தாமே சாடுகிறார்கள். எட்டிவிட்டாலோ, "இது எளிதான தேர்வு" என்று சொல்லி அளவுகோலை இன்னும் உயர்த்துகிறார்கள். வென்றாலும் தோல்வி, தோற்றாலும் தோல்வி!

மருத்துவர்கள் இதைத் தனி நோயாகப் பெயரிடுவதில்லை. ஆனால் மனச்சோர்வு, ஓயாத பதற்றம், கழுவியதையே கழுவி எழுதியதையே எழுதவைக்கும் எண்ணச் சுழற்சி நோய், எலும்பும் தோலுமான பின்னும் உணவை மறுக்கும் நோய் ஆகிய பலவற்றுக்கு இது வேலியாக நிற்கிறது. வேலியை அகற்றாமல் உள்ளே இருக்கும் நோயைத் தொடுவது கடினம்.

தோழர்களே, நம் வீடுகளில் இது ஏன் முளைக்கிறது? 1991இல் கனடாவைச் சேர்ந்த ஹியூவிட், ஃபிளெட் இருவரும் குறையின்மை வேட்கையை மூன்று வகையாகப் பிரித்தனர். தன்னிடம் எதிர்பார்ப்பது ஒன்று. பிறரிடம் எதிர்பார்ப்பது இன்னொன்று. "நான் குறையில்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் என்னை ஏற்பார்கள்" என்று அஞ்சுவது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிழைக்க வந்தவனின் அச்சம் அது.

1966இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியருக்கு எதிரான முழக்கம் இந்த நகரில் எழுந்த நாட்கள் பெரியவர்கள் நினைவில் இருக்கும். "சத்தம் போடாதே, யார் கண்ணிலும் படாதே, ஒரு குறையும் சொல்லவிடாதே" என்று நம் முன்னோர் பிள்ளைகளுக்குச் சொன்னது அன்றைக்குப் பாதுகாப்பு. சாதி இழிவு சுமந்து ஊரைவிட்டு வந்தவர்களுக்கோ, பிள்ளையின் மதிப்பெண்தான் தலைநிமிரக் கிடைத்த ஒரே ஏணி. தோல் பதனிட்டும், இட்லி சுமந்து விற்றும், மூட்டை தூக்கியும் படிக்கவைக்கிறோம். அந்த உழைப்பு புனிதமானது. ஆனால் "உனக்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறேன்" என்று நாள்தோறும் சொன்னால், பிள்ளையின் தோளில் குடும்பக் கடன் முழுவதும் ஏறிவிடுகிறது. அது தவறு செய்யும் உரிமையை இழக்கிறது.

சரி, சிகிச்சை என்ன? மந்திரித்துக் கயிறு கட்டுவதா? "இன்னும் கட்டுப்பாடாக இரு" என்று அறிவுரை சொல்வதா? கட்டுப்பாடு மிகுந்ததால் வந்த நோய்க்குக் கட்டுப்பாட்டையே மருந்தாகக் கொடுப்பது, முறுக்கிய கயிற்றை மேலும் முறுக்குவதாகும்.

முதலில் உடலைப் பார்ப்பார்கள். எடை குறைந்திருந்தால் அதைச் சரிசெய்வதே முதல் வேலை. உணவை மறுக்கும் இளையோருக்கு, பெற்றோரே உணவுப் பொறுப்பை ஏற்கும் குடும்பவழிச் சிகிச்சை உண்டு. பெற்றோரைக் குற்றவாளியாக நிறுத்தாமல் துணைவராக அழைக்கும் முறை அது.

அடுத்தது, எண்ணத்தையும் செயலையும் சோதித்துப் பார்க்கும் பயிற்சி. "ஒரு அடித்தலோடு நோட்டைக் கொடுத்தால் என்ன நடக்கும்?" என்று ஆலோசகர் கேட்பார். "டீச்சர் வெறுத்துவிடுவார்" என்று பிள்ளை எழுதும். பிறகு வேண்டுமென்றே ஒரு அடித்தலோடு நோட்டைக் கொடுக்கச் சொல்வார். நடந்தது என்ன? டீச்சர் கையெழுத்துப் போட்டு அடுத்த நோட்டை எடுத்தார், அவ்வளவுதான்! இப்படிச் சிறு சிறு சோதனைகளால் அச்சம் தளர்கிறது. எண்ணச் சுழற்சி நோயில், கை கழுவத் தூண்டும் பதற்றத்தைக் கழுவாமலே தாங்கிப் பழகச் செய்வதும் இவ்வழிதான்.

மூன்றாவதாக ஒன்று. தாமஸ் லிஞ்ச் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கி 2018இல் நூலாக வெளியிட்ட முறை. மிதமிஞ்சிய தன்னடக்கத்தின் பெரிய தண்டனை தனிமை என்கிறார் அவர். முகத்தில் ஒன்றும் காட்டாதவரிடம் பிறர் நெருங்குவதில்லை. ஆகவே இங்கே கற்றுத்தருவது அடக்கத்தை அல்ல, திறந்து பழகுவதை. உதவி கேட்பது, "எனக்கு வலிக்கிறது" என்று சொல்வது, திட்டமில்லாமல் விளையாடுவது, பிறர் கருத்துக்குக் காது கொடுப்பது ஆகியவை பாடங்கள். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் இதை இளையோருக்கேற்ப மாற்றிக் கையாள்கிறார்கள். இளையோரிடம் இதற்குக் கிடைத்துள்ள சான்று இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். தொடங்கிய மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. வாரம் ஒருமுறை என்று மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. பொறுமை வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. "எத்தனை மதிப்பெண்?" என்பதற்கு முன் "சாப்பிட்டாயா? யாரோடு பேசினாய்?" என்று கேளுங்கள். உங்கள் தொழிலில் நீங்கள் செய்த பிழையைச் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பிழை செய்தும் மனிதன் வாழலாம் என்பதை அப்பாவின் வாயிலிருந்து கேட்டால் அதைவிடப் பெரிய மருந்தில்லை. அழுதால் தடுக்காதீர்கள். அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவரே, குழந்தை கைவிட்டுத் துழாவிய கூழை அமிழ்தினும் மேலாகப் போற்றினார். சிந்தாமல் உண்ணும் பிள்ளைக்குத்தான் அன்பு என்று அவர் விதி வைக்கவில்லை!

இது வீட்டோடு முடிவதா? இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். மாநிலவாரியாக முதலிடம் மகாராட்டிரம், அடுத்தது தமிழ்நாடு. நாம் வாழும் மாநிலமும் நாம் பிறந்த மாநிலமும்! ஒவ்வொரு சாவுக்கும் காரணங்கள் பல. எல்லாவற்றையும் தேர்வின்மேல் சுமத்த முடியாது. ஆனால் தடுக்கக்கூடியவை ஏராளம்.

தமிழ்நாட்டில் 2017 முதல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். தோற்ற பாடத்தை அதே ஆண்டில் எழுதும் துணைத்தேர்வு அங்கும் உண்டு, இங்கும் உண்டு. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்றது. மதிப்பெண்ணை வைத்து வகுப்புப் பிரிப்பதையும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் பயிற்சி மையங்கள் தவிர்க்க வேண்டும் என்றது.

ஏட்டில் உள்ளதை நடைமுறைக்குக் கொண்டுவருவது யார்? நாம்தான்! சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளுக்குத் தமிழ் பேசும் ஆலோசகர் கேட்டு மனுக் கொடுப்போம். மனதின் வலியை மூன்றாவது மொழியில் சொல்ல எந்தப் பிள்ளையால் முடியும்?

இரண்டு: சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் கேஸ் பேப்பர் எடுத்து வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போய்விடும். மாலை நேரப் பிரிவு வேண்டும் என்று கோருவோம். அதுவரை, குடும்பங்களோடு உடன் செல்ல நம் இளைஞர்கள் முன்வர வேண்டும்.

மூன்று: சங்க ஆண்டு விழாவில் மதிப்பெண்ணை ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கத்தை விடுவோம். படிக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் புத்தகம் கொடுப்போம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சிகிச்சையை மக்களின் உரிமை என்கிறது. நாம் பிச்சை கேட்கவில்லை. ஒரு பிள்ளை "இனி வாழ வேண்டாம்" என்று சொன்னாலோ, சொல்லாமலே சொல்வதுபோல் நடந்தாலோ, தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசி 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை இன்றே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

இங்கே முன்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு சொல். நீங்கள் முதலிடம் வருவதற்காக நாங்கள் இந்த நகருக்கு வரவில்லை. நீங்கள் அச்சமின்றி வாழ்வதற்காக வந்தோம். பிழை செய்யுங்கள், கேளுங்கள், அழுங்கள், சிரியுங்கள். உங்கள் இடம் எங்களிடம் என்றும் இருக்கும்.