சங்கம் இல்லாத பக்தி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"கோயிலுக்குப் போகாமலும் சங்கத்தில் சேராமலும் ஒருவன் கடவுளை அடையக் கூடுமா?" என்று உங்கள் உறுப்பினர் சிலர் எழுதிக் கொடுத்து, அதைப் பற்றியே பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். சங்கத்தின் மேடையில் நின்றுகொண்டு சங்கமில்லாத பக்தியைப் பேசுவது சற்றுச் சங்கடமான காரியந்தான். ஆயினும் மலைநாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்பவர் விடைக்காக அதிக தூரம் போகவேண்டியதில்லை.

கோப்பிக் காலத்திலே நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களை அழைத்து வரக் கங்காணி இருந்தான், குருக்கள் இருந்தாரா? மடாதிபதி இருந்தாரா? இல்லை. நெஞ்சிலிருந்த தெய்வம் ஒன்றுதான் கூட வந்தது. லயத்துக்குப் பக்கத்தில், ஒரு மரத்தடியில், ஒரு கல்லை நட்டார்கள். அதுவே மாடசாமி, அதுவே முனியாண்டி.

பிறகு தேயிலை வந்தது. புதிய தொழிலுக்குப் புதிய தெய்வமும் பிறந்தது! கவ்வாத்துத் தொடங்குமுன் கத்திகளைக் கல்லின் முன் வைத்துக் கும்பிட்டார்கள், அவர் கவ்வாத்துச்சாமி. ஆலையிலே சுழலும் பெரிய சக்கரத்தில் கைகால் அகப்படாமல் காப்பவர் ரோதைமுனி. ரோதை என்பது போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன சொல். சக்கரம் என்று பொருள். இந்த முனி எந்தப் புராணத்தில் வருகிறார் என்று தேடிப் பயனில்லை. இயந்திரத்தின் முன்னே நின்ற மனிதனுடைய அச்சமும் நம்பிக்கையும் சேர்ந்து அவரைக் கண்டுகொண்டன. அவருக்கு நிர்வாக சபை கிடையாது. ரசீதுப் புத்தகமும் கிடையாது.

விடியற்காலையில், கொழுந்து நிரையில் இறங்குமுன், முதல் பிடி கொழுந்தைக் கையிலே வைத்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடும் தாய்மாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு கணத்தில் அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. கணக்கப்பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தனி மனிதனின் ஆத்மிகம் என்று பெரிய பெயரிட்டு நாம் பேசுவது அதைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

"இது படிப்பறியாத ஜனங்களின் வழிபாடு, ஆகமத்தில் இடமில்லை" என்பார் உண்டு. ஆறுமுக நாவலர் அவ்வாறே சிறு தெய்வ வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் கடிந்து எழுதினார். உயிர்ப்பலியை நிறுத்தியது நல்லதே. நாவலர் 1848இல் பள்ளிக்கூடமும், அடுத்து அச்சுக்கூடமும் நிறுவியிராவிட்டால் நம் வாலிபர் கையில் திருமுறை ஏது? ஸ்தாபனத்தின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நாவலர், வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லக்கூடாது என்று வாதாடினார். 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரையில் அந்தப் பிணக்குப் போயிற்று. அருள் எது என்று கோர்ட்டார் தீர்ப்புச் சொல்வதாவது!

வள்ளலாரோ சாதி, சமயம் இரண்டையும் கடந்து நின்றார். 1867இல் வடலூரில் அவர் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அங்கே பசித்தவனுக்குச் சோறு. இங்கே பசித்து வந்தவனுக்கு மலைச்சரிவு. இரண்டையும் சேர்த்து நினைக்கும்போது மனம் என்னவோ செய்கிறது.

நம் நாட்டிலேயே யோகர் சுவாமிகள் இருந்தார். 1872இல் பிறந்தவர், கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர், கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளைக் கண்டார். செல்லப்பரைத் தெருவிலே போனவர்கள் பைத்தியக்காரர் என்றார்கள். கிட்டப் போனவரை அவர் ஏசித் துரத்துவார். அந்த ஏச்சைத் தாங்கியவர் யோகர். உத்தியோகத்தை விட்டார், கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியில், வெயிலிலும் மழையிலும், ஆண்டுக்கணக்காக இருந்தார். பின்பு ஒரு சிறு கொட்டில். 1964இல் மறையும்வரை அதுவே அவருக்கு மடம். இந்துவும் வந்தான், கிறிஸ்தவனும் பௌத்தனும் முஸ்லிமும் வந்தார்கள். எவரையும் மதம் மாறச் சொன்னாரில்லை.

வாலிபர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். "எனக்கு மதம் வேண்டாம், கடவுள் போதும்" என்று சொல்வது இக்காலத்தில் சுலபம். கோயிலுக்குப் போகாதிருப்பதற்கு அது நல்ல சாட்டு. யோகர் சென்ற வழி அவ்வளவு சுலபமானதன்று. குருவின் ஏச்சு இருந்தது, பசி இருந்தது, கதிர்காமம்வரை கால்நடை இருந்தது. சங்கத்தின் கட்டுப்பாட்டை விட்டவன் அதைவிடக் கடுமையான கட்டுப்பாட்டைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ளவேண்டியிருக்கிறது. அப்படிச் செய்யாதவன் மதத்தை விட்டவன், அவ்வளவுதான். ஆத்மிகத்தைப் பிடித்தவன் அல்லன்.

இன்னொன்று. யோகரின் அடியார்களுக்கு 1935இல் 'சிவதொண்டன்' என்ற பத்திரிகை உண்டாயிற்று. 1953இல் யாழ்ப்பாணத்தில் சிவதொண்டன் நிலையமும் எழுந்தது. அப்படியானால் அவரும் ஸ்தாபனத்துக்கு வந்துவிட்டாரே என்று கேட்கலாம். அந்த நிலையத்தில் முக்கியமான இடம் தியான மண்டபம். ஒருவன் தனியே மௌனமாக இருப்பதற்காகப் பலர் கூடிக் கட்டிய கட்டடம் அது. சங்கம் என்றால் இப்படியும் இருக்கலாம்.

இனி நம் தோட்டங்களின் விஷயம். ஹற்றன் பக்கத்திலும் நுவரெலியாப் பக்கத்திலும் பல தோட்டங்களில் கோபுரத்தோடு கோயில் எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்கிறோம். சந்தோஷம். ஆனால் அந்த உற்சாகத்தில், "இனி இது எதற்கு?" என்று மரத்தடிக் கல்லைப் பெயர்த்தெடுக்கும் பேச்சும் சில இடங்களில் கேட்கிறது. கோபுரத்துக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கிறோம். மரத்தடிக் கல்லுக்கு விளக்கேற்றியவள் பெயரை எங்கே பொறிப்பது? மழைக்காலத்தில், அட்டை கடித்த காலோடு, வேலை முடிந்து வந்து, சிரட்டையில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டவள் அவள். அவளை யாரும் அதற்கு நியமிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கல்லைப் பற்றி யோசனை வருமானால், தீர்மானம் எழுதுமுன் அந்த அம்மாவையும் அழைத்து, நிர்வாக சபையாரோடு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.