இருதயத்தைக் காட்டும் யந்திரம் ஏழையின் ஊருக்கு வரவேண்டும்

(இளையரசனேந்தலில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



மில்லில் ஓடும் யந்திரத்தின் இரும்புக்குள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே செலுத்தினால், விரிசலில் மோதித் திரும்பி வந்து காட்டிக் கொடுக்கும். கப்பல் கட்டும் தளங்களில் இரும்பைச் சோதிக்கும் முறை இது.

ஸ்வீடன் தேசத்தில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் எட்லர் என்ற டாக்டரும் மால்மோ கப்பல் தளத்தில் இருந்த இந்த யந்திரத்தை இருதயத்துக்குப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தார்கள். 1953-ல் வெற்றி கண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் இன்று 'எக்கோ' என்று நாம் சொல்லும் சோதனை. 1895-ல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே இருதயத்தின் உருவத்தைத்தான் காட்டியது. எக்கோவோ, வால்வு திறப்பதையும் மூடுவதையும் கண்ணெதிரே காட்டுகிறது. கத்தி இல்லை, ஊசி இல்லை, வலி இல்லை.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். சொல்கிறோம்.

ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கும் வீட்டில் ஒரு குழந்தைக்குத் தொண்டைப் புண் வருகிறது. பிறகு காய்ச்சல், மூட்டு வீக்கம். சில நாளில் சரியாகிவிடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். ஆனால் அந்தக் காய்ச்சல் இருதய வால்வைத் தழும்பாக்கி விட்டுப் போகலாம். கிணற்றுப் பம்புசெட்டில் வால்வு கெட்டால் தண்ணீர் ஏறுமா? இருதயமும் அப்படித்தான். ஆண்டுகள் கழித்து, களையெடுக்கும்போது மூச்சு வாங்கும். பிரசவ காலத்தில் உயிருக்கே ஆபத்தாகும். இதை விதி என்கிறார்கள். விதியல்ல, வறுமை! வசதியான வீடுகள் வந்த நாடுகளில் இந்த வியாதி பெரும்பாலும் ஒழிந்தே போயிற்று.

கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஸ்டெதஸ்கோப் ஆயிரத்துக்குச் சுமார் 2 பேரைத்தான் கண்டுபிடித்தது. எக்கோ 20 பேருக்கு மேல் கண்டுபிடித்தது. முன்கூட்டியே தெரிந்தால் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி, வால்வு மேலும் கெடாமல் காக்கும்.

நெல்லையில் 1965-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நல்லது. ஆனால் இங்கிருந்து கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து நெல்லை போய், வரிசையில் நின்று திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. துணைக்கு வருபவர் கூலியும் போச்சு. மூச்சிரைப்பு முற்றும்வரை யார் போவார்கள்?

நோயாளி யந்திரத்தைத் தேடி அலையவேண்டிய காலம் போய்விட்டது. இன்று கையில் எடுத்துச் செல்லும் எக்கோ யந்திரங்கள் வந்துவிட்டன. நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட பிஜித் தீவில், நர்சுகளுக்கே பயிற்சி கொடுத்துப் பள்ளிகளில் சோதித்துக் காட்டிவிட்டார்கள். இங்கே 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கு உடனே கொடுக்கும் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வந்தன. மாத்திரை வந்த வழியில் யந்திரம் வராதா?

ஆகவே நாம் கேட்கிறோம்:

பள்ளிக்கூடங்களில் எக்கோ முகாம் நடத்து!

தாலுகா ஆஸ்பத்திரியில் வாரந்தோறும் எக்கோ சோதனை நடத்து!

பெனிசிலின் ஊசி தட்டில்லாமல் கிடைக்கச் செய்!

காய்ச்சலோடு மூட்டு வீங்கிய குழந்தை உங்கள் தெருவில் இருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக்குங்கள். தொழிற்கூடத்தில் பிறந்த யந்திரம் தொழிலாளியின் குழந்தைக்குப் பயன்படவேண்டும். ஒன்றுபட்டுக் கேட்போம், பெறுவோம்!